நெறி கட்டிய கழுத்து

1825-ஆம் ஆண்டு மே 31 அன்று, முடிசூடி இரண்டே நாள் ஆகியிருந்த பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ், ரீம்ஸ் நகரின் தரும மருத்துவமனைக்குப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒவ்வொருவராகக் கையால் தொட்டார். எல்லோருக்கும் ஒரே சங்கடம்: கழுத்தில் வரிசையாகக் கட்டிகள், சிலருக்கு அவை உடைந்து சீழ் வடிந்துகொண்டிருந்தன. நம் ஊர் வைத்தியர்கள் கண்டமாலை என்பது இதைத்தான். அரசன் கை பட்டால் அது கரையும் என்று பிரான்சில் பல நூற்றாண்டுகளாக நம்பினார்கள். அதே அரச குடும்பத்தின் ஆட்சியில், இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1823-இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டிருந்தது. இன்று புதுச்சேரியின் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்கு அதுதான் வேர். மன்னர் தொட்ட சடங்கு ரீம்ஸோடு முடிந்துபோனது. ஆனால் அதை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட்டால் ஒரு நல்ல தடயத்தை இழந்துவிடுவோம். தொடப்பட்டவர்களில் சிலருக்குக் கட்டி உண்மையிலேயே வற்றியிருக்கும். கழுத்தில் வரும் காசநோய்க் கட்டி மாதக்கணக்கில் வீங்கும், வற்றும், மறுபடி வீங்கும். மருந்தே இல்லாமல் சிலருக்கு அடங்கியும் போகும். அடங்கும் பருவத்தில் யார் தொட்டிருந்தாலும் பெயர் அவருக்குத்தான் போயிருக்கும்.

கழுத்துக் கட்டி விஷயத்தில் நாம் இன்னும் அந்த மன்னர் காலத்துக் கண்ணோடுதான் பார்க்கிறோம் என்பது என் வாதம். வீக்கம் பெரிதானால் நோய் முற்றுகிறது, சிறுத்தால் குணமாகிறது, கைக்குத் தட்டுப்படாவிட்டால் நோயே இல்லை என்று நினைக்கிறோம். மூன்றும் தவறிப்போகும் இடங்கள் ஏராளம். கழுத்தின் நிணநீர் முடிச்சும் தொண்டையின் டான்சிலும் எவ்வளவு பெரிது என்ற கேள்வி கடைசியாக வர வேண்டியது. எந்த இடத்தில், எத்தனை நாளாக, தொட்டால் எப்படி, உள்ளே என்ன என்ற கேள்விகள்தான் முன்னே வர வேண்டும்.

மனித உடலில் 600 முதல் 800 வரை நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன என்பது வழக்கமான கணக்கு. அவற்றில் ஏறத்தாழ 300, தலைக்கும் காறை எலும்புக்கும் இடைப்பட்ட இந்தச் சிறு பரப்பிலேயே குவிந்திருக்கின்றன. காரணம் வெளிப்படை. காற்றும் சோறும் தண்ணீரும் உள்ளே வரும் வாசல்கள் எல்லாம் இங்கேதான். ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதி நிணநீராகச் சேர்ந்து, மெல்லிய குழாய்கள் வழியே முடிச்சு முடிச்சாகக் கடந்து, கடைசியில் கழுத்தடியில் பெரிய சிரைகளில் கலக்கிறது. ஈறில் புகுந்த கிருமியின் துண்டும், தொண்டையில் செத்த செல்லும், வழி தவறிய புற்றுச் செல்லும் இந்த நீரில்தான் மிதந்து வரும். புதுச்சேரியில் வெள்ளை நகரையும் தமிழ்ப் பகுதியையும் பிரித்துக்கொண்டு ஓடும் பெரிய வாய்க்காலில் ஒருநாள் சாயம் கலந்து வந்தால், வாய்க்காலைத் தூர்த்துவிடலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தத் தெருவின் கால்வாய் வந்து சேரும் இடத்திலிருந்து நிறம் மாறுகிறது என்று கரையோடு மேலே நடந்து பார்ப்பார்கள். கழுத்தில் நெறி கட்டும்போதும் செய்ய வேண்டியது அதுதான். நிணநீர் என்றாலே இந்த ஊர்க்காரர்களுக்கு யானைக்கால் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. 1975-இல் இங்கே தொடங்கப்பட்ட நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1980-களின் முற்பகுதியில் நகரம் முழுவதையும் களமாக்கி, அந்நோயைப் பரப்பும் க்யூலக்ஸ் கொசுவோடு மல்லுக்கட்டியது. ஆனால் யானைக்காலில் கால் வீங்குவது, புழுக்கள் குழாய்களைக் கெடுத்து நிணநீர் வடியாமல் போவதால். கழுத்தில் முடிச்சு வீங்குவது பெரும்பாலும் அமைப்பு ஒழுங்காக வேலை செய்வதால்.

அந்த வேலையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சாதாரண நாளில் ஒரு நிணச்செல் முடிச்சுக்குள் நுழைந்து, பாதி நாளோ ஒரு நாளோ சுற்றிப் பார்த்து, தனக்குரிய எதிரி இல்லையென்றால் வெளியேறி அடுத்த முடிச்சுக்குப் போய்விடும். தொண்டையில் தொற்று ஏற்பட்டதும், அங்கே காவலிருக்கும் செல்கள் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அருகிலிருக்கும் முடிச்சுக்கு வருகின்றன. உடனே வெளியேறும் வழி தற்காலிகமாக அடைபடும். உள்ளே வருவது மட்டும் கூடும். பொருத்தமான செல் கிடைத்ததும் அது ஒரே நாளில் பலமுறை பிரிந்து பெருகுகிறது. செல்கள் பெருகினால் உறை புடைக்கத்தானே வேண்டும் என்று நீண்டகாலம் எண்ணியிருந்தார்கள். 2014, 2015 ஆண்டுகளில் லண்டனிலும் பாஸ்டனிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் வேறொன்றைக் காட்டின. முடிச்சின் உள்ளே வலை பின்னியிருக்கும் நார்ச்செல்கள் எப்போதும் இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கின்றன; சேதி சுமந்து வரும் செல் தொட்டதும் அவை தம் பிடியைத் தாமே தளர்த்திக்கொள்கின்றன. அதாவது, முடிச்சு இடம் கொடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு இடது மேற்கையில் போடும் பி.சி.ஜி. ஊசிக்குப் பிறகு சில வாரங்களில் இடது அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ சிறு உருண்டை தட்டுப்படுவதும் இந்த வகைதான். பெரும்பாலும் அது தானே போய்விடும்.

இடம் சொல்லும் சேதி இன்னும் துல்லியமானது. தலையில் பேன் மொய்த்துச் சொறிந்து புண்ணான பள்ளிச் சிறுமிக்குப் பிடரியில், மயிர் முடியும் இடத்தில், பட்டாணி அளவில் இரண்டு மூன்று உருளும். ஆன்டிபயாட்டிக் வாங்குவதற்கு முன் அங்கே தேவைப்படுவது சீப்பும் பேன் மருந்தும். கீழ்ப்பல் சொத்தை தாடைக்கு அடியில் தெரியும். தொண்டை வலி, தாடை எலும்பின் கோணத்துக்குச் சற்றுக் கீழே தெரியும். டான்சிலின் நீர் வந்து சேருவது அங்கேதான். மழைக்காலத்தை ஒட்டிப் புதுச்சேரி, விழுப்புரம் வட்டாரத்தில் வரும் உண்ணிக் காய்ச்சலில், காதுக்குப் பின்னாலோ கழுத்து மடிப்பிலோ கருகிய மேலோடு கொண்ட, வலியே இல்லாத ஒரு சிறு புண் மறைந்திருக்கும். அதன் பக்கத்து முடிச்சு வீங்கியிருக்கும். முடிச்சைத் தொட்டவர் முடியை விலக்கிப் பார்த்தால் காய்ச்சலின் பெயரே தெரிந்துவிடும். இடது காறை எலும்புக்கு மேலே கட்டினால் கதை வேறு. வயிறு, குடல் உட்பட உடலின் கீழ்ப்பகுதி முழுவதன் நிணநீரும் அந்த இடத்தில்தான் சிரையோடு கலக்கிறது. இரைப்பைப் புற்று முதலில் அங்கே தலைகாட்டலாம் என்று 1848-இல் ஜெர்மனியின் விர்ஹோவும், 1889-இல் பிரான்சின் த்ருவாசியேவும் எழுதினார்கள். இந்த வழிகளைப் பாதரசம் செலுத்திப் படமாக வரைந்தவர் சப்பே என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளர். 1932-இல் அதை முழுமையான நூலாக்கியவர் ரூவியேர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர். இன்றைக்கும் கழுத்து அறுவை மருத்துவர் மனத்தில் ஓடுவது அவர்கள் வரைந்த வரைபடத்தின் திருத்திய பதிப்புதான். (பொன்னுக்கு வீங்கியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதில் வீங்குவது காதடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி.)

இனி அளவு ஏமாற்றும் விதத்துக்கு வரலாம். இந்தியாவில் வாரக்கணக்கில் நீடிக்கும் கழுத்துக் கட்டிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இன்றும் காசநோய். சென்னையில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம், குழந்தைகள் நல மருத்துவமனையோடும் ஸ்டான்லி மருத்துவமனையோடும் சேர்ந்து, திசுப் பரிசோதனையில் உறுதியான நிணமுடிச்சுக் காசநோய் கொண்ட 168 குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்து கொடுத்துப் பின்தொடர்ந்து, முடிவை 1990-இல் வெளியிட்டது. சிகிச்சை முடிந்த அன்று ஏறத்தாழ பத்தில் மூன்று குழந்தைகளுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட முடிச்சு கையில் தட்டுப்பட்டது. எந்தத் தாய்க்கும் மருந்து பலிக்கவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் பிந்தைய ஆண்டுகளில் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மிகச் சிலரே. கிருமி செத்துவிட்டது, வடு மட்டும் நின்றது. இன்னும் விநோதமாக, மருந்து தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குக் கட்டி முன்பைவிடப் பெரிதாகும், புதிதாகவும் கட்டும். செத்த கிருமிகளின் துணுக்குகளைக் கண்டு உடல் போடும் ஆர்ப்பாட்டம் அது. அந்த நேரத்தில் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்தான் உண்மையான ஆபத்தில் இருக்கிறார்.

நேர் எதிர்த்திசையிலும் இதே ஏமாற்று நடக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். கட்டி சற்று வற்றும், நோயறிதல் மாதக்கணக்கில் தள்ளிப்போகும், கிருமி அந்த மருந்துக்குப் பழகியும்விடலாம். ஸ்டீராய்டு இன்னும் மோசம். நிணநீர்ப் புற்றான லிம்ஃபோமா கட்டியை அது நாலைந்து நாளில் கரைத்துக் காட்டும், பிறகு எடுக்கும் திசுவில் மருத்துவருக்கு எதுவும் தெளிவாகத் தெரியாதபடி செய்துவிடும். ரீம்ஸில் மன்னரின் கைக்குக் கிடைத்த பெயர் இங்கே மாத்திரை அட்டைக்குக் கிடைக்கிறது.

டான்சில் கதை இதைவிடத் தெளிவான சாட்சி. நிணநீர் முடிச்சுக்கு நீரைக் கொண்டுவரும் குழாய்கள் உண்டு. டான்சிலுக்கு அவை இல்லை. அது தொண்டையின் வாசலில் திறந்தே கிடக்கிறது. மேற்பரப்பிலிருந்து உள்ளே போகும் பத்து, இருபது, முப்பது குழிகள். கிளைவிடும் அந்தக் குழிகளின் சுவரில் தோல் சல்லடையாக மெலிந்திருக்கும். விழுங்கும் ஒவ்வொரு கவளத்தின் மாதிரியையும் நிணச்செல்கள் அங்கேயே எடுத்துப் பார்க்கும். குழிகளை விரித்து அளந்தால் ஒரு டான்சிலின் பரப்பு சுமார் 300 சதுர சென்டிமீட்டர் வரும் என்கிறது ஒரு கணக்கு. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு, நாக்கின் வேரில் இன்னொன்று என்று இவை ஒரு வளையமாக நிற்பதை 1884-இல் வால்டயர் என்ற உடற்கூறியலாளர் விவரித்தார். மூன்று வயது முதல் பத்து வயது வரை, உலகத்துக் கிருமிகளை முதன்முதலாகச் சந்திக்கும் காலத்தில், இவை பெரிதாக இருக்கும்; பிறகு தாமே சிறுக்கும். அதாவது ஒரு குழந்தையின் டான்சில் பெரிதாக இருப்பது அந்த வயதின் இயல்பு.

அந்த இயல்பைப் பார்த்துத்தான் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி கத்தியைத் தூக்கியது. அதற்கென்றே இருந்த கருவிக்குக் கில்லட்டின் என்று பெயர். பெயர் வைத்தவருக்குத் தயக்கமே இருந்திருக்காது போல. 1934-இல் அமெரிக்கக் குழந்தை நலச் சங்கம் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படிக்க வேண்டும். நியூயார்க்கில் 11 வயதுப் பள்ளிக் குழந்தைகள் 1000 பேரை எடுத்தார்கள். 611 பேருக்கு டான்சில் ஏற்கெனவே போயிருந்தது. மீதி 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு அறுவை வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். 99 பேருக்கு வேண்டும் என்றார்கள். எஞ்சிய 116 பேரை மூன்றாவது குழுவிடம் காட்டியபோதும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குச் சீட்டு எழுதப்பட்டது. குழந்தைகளின் தொண்டையில் இருந்த நோயை அந்த எண்கள் அளக்கவில்லை. கிட்டத்தட்டப் பாதிப் பேரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு பழக்கத்தை அளந்தன. இங்கிலாந்தில் க்ளோவர் என்ற மருத்துவர் 1938-இல் காட்டியதும் இதையே: ஹார்ன்சி என்ற ஊரில் 1928-இல் 186 பள்ளிக் குழந்தைகளுக்கு டான்சில் எடுத்தார்கள், மறு ஆண்டு 12 பேருக்கு. இடையில் மாறியது பள்ளி மருத்துவ அதிகாரி.

டான்சில் இல்லாமலும் கோடிக்கணக்கானோர் நன்றாகத்தானே இருக்கிறார்கள், பிறகென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வளையத்தின் மற்ற பகுதிகளும் கழுத்து முடிச்சுகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதால் பெரும்பாலோர் எதையும் உணர்வதில்லை. ஆனால் விலையே இல்லை என்று சொல்ல முடியாது. போலியோ பரவிய காலத்தில், டான்சில் எடுத்த குழந்தைகளுக்கு மூளைத்தண்டைத் தாக்கும் கொடிய வகை போலியோ கூடுதலாக வந்தது. சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளின் தொண்டையில் இருந்த போலியோ எதிர்ப்புப் பொருள், அறுவைக்குப் பின் வெகுவாகச் சரிந்ததை ஓக்ரா என்ற ஆய்வாளர் 1971-இல் அளந்து காட்டினார். டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை, டான்சில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூச்சுப்பாதை நோய்கள் அதிகம் என்றது. ஆனால் அவர்கள் முதலிலேயே நோயாளிகளாக இருந்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன். மறுபக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. பிரிட்டனில் பெரியவர்களிடம் நடந்து 2023-இல் வெளிவந்த சோதனையில், இரண்டு ஆண்டுகளில் தொண்டை வலித்த நாட்கள் அறுவை செய்தவர்களுக்கு நடுமதிப்பாக 23, செய்யாதவர்களுக்கு 30. பலன் உண்டு. குழந்தைகளுக்குப் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கைச் சேர்ந்த பாரடைஸ் என்ற மருத்துவர் அறுவைக்கு வகுத்த வரம்பு 1984 முதல் புழக்கத்தில் இருக்கிறது: ஒரே ஆண்டில் ஏழு முறை, அல்லது அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறை, பதிவு செய்யப்பட்ட கடும் தொண்டைத் தொற்று. இந்த வரம்பில் டான்சிலின் பருமன் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கு அறுவை பெரும் நிம்மதி. அங்கும் கேள்வி மூச்சு தடைபடுகிறதா என்பதுதான்.

இன்னொரு மறுப்பு கனமானது. இடம் பார், நாள் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தால் புற்று வளர்ந்துவிடாதா? வளரும். அதனால்தான் பொறுப்பதற்கும் கெடு உண்டு. குழந்தைக்குத் தொண்டை வலியோடு வந்த, உருளும், அழுத்தினால் வலிக்கும் முடிச்சை இரண்டு மூன்று வாரம் விட்டுப் பார்க்கலாம். கல்லாக இறுகி, அடியோடு ஒட்டி, வலியே இல்லாதது. காறை எலும்புக்கு மேலே கட்டியது. இராக்காய்ச்சலும் எடைக் குறைவும் கூட வருவது: இவை எந்த அளவில் இருந்தாலும் காத்திருக்கக் கூடாதவை. நாற்பதைத் தாண்டிய, புகையிலை போடும் ஒருவருக்கு வந்த முடிச்சையும் இந்தப் பட்டியலில்தான் சேர்ப்பேன். வலிக்கவில்லையே என்று நம் வீடுகளில் தள்ளிப்போடுவது பெரும்பாலும் இந்த வகையைத்தான். ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. எஃப்.என்.ஏ.சி. என்னும் மெல்லிய ஊசிப் பரிசோதனையில் அப்படிப் பரவுவது மிக மிக அரிது; அதே ஊசியில் வரும் துளியிலேயே காசநோய்க் கிருமியின் மரபணுவையும் தேடிவிடலாம். உண்மையில் அஞ்ச வேண்டியது, வாயையும் நாக்கின் வேரையும் டான்சிலையும் பார்க்காமலேயே கழுத்துக் கட்டியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புவது. மூலம் அங்கேயே இருக்க, பின்னால் செய்ய வேண்டிய பெரிய அறுவையின் பாதை கலைந்துவிடும்.

இனி என் வாதத்தை மிகவும் சோதிக்கும் சான்று. வாய்ப்புற்று ஆரம்ப நிலையில் உள்ளவருக்குக் கழுத்தில் எதுவும் தட்டுப்படாவிட்டால், முடிச்சுகளை விட்டுவைத்துக் கண்காணிக்கலாமா, அப்போதே எடுத்துவிடலாமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதை 500 நோயாளிகளில் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டது. அப்போதே எடுத்தவர்களில் மூன்று ஆண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 80 விழுக்காடு. வீங்கும் வரை பொறுத்திருந்தவர்களில் 67.5 விழுக்காடு. எடுத்த முடிச்சுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, பத்தில் ஏறத்தாழ மூன்று பேருக்குப் புற்று ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. கைக்கோ எதுவும் தெரியவில்லை. முடிச்சை வெட்டாதே என்று பொதுவாகச் சொல்பவரை இந்த எண் வீழ்த்திவிடும். அளவை நம்பாதே என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் நூற்றில் மீதி எழுபது பேருக்கு எடுத்தது வீண் என்ற கணக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. கழுத்து முடிச்சுகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு இழுபட்டு, பலருக்குக் கை மேலே போகாமல் நோகும். இதற்கு வழி தேடியவர்கள் திரும்பவும் நீரோட்டத்திடமே போனார்கள். நாக்குப் புண்ணைச் சுற்றிக் கதிரியக்கத் தடயப் பொருளைச் சிறிதளவு ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் கருவியால் கண்டுபிடித்து எடுத்துப் பார்ப்பது. அதில் புற்று இருந்தால் மட்டும் மற்றதை எடுப்பது. பிரான்சின் பத்து மையங்கள் சேர்ந்து நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு ஆண்டுகள் கழித்தும் கழுத்தில் நோய் திரும்பாதவர்கள் இந்த முறையிலும் முடிச்சுகளை மொத்தமாக எடுக்கும் முறையிலும் சுமார் 90 விழுக்காடு. முதல் மாதங்களில் தோள் வலி இந்த முறையில் குறைவு. இதற்கு அணு மருத்துவப் பிரிவு வேண்டும். அதைவிட, எடுத்த அந்த ஒன்றிரண்டு முடிச்சுகளைப் படிப்படியாக மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் சாயமேற்றி உட்கார்ந்து தேடும் நோய்க்கூறியலாளர் வேண்டும். ஓர் அரிசியில் பாதிகூட இல்லாத புற்றுத் திட்டு, நடுவே ஒரே ஒரு வெட்டு போட்டுப் பார்ப்பவர் கண்ணில் படாமலே போய்விடும்.